ஆளுக்கொரு அறை: பல்லவனேஸ்வரம் பௌத்த விகாரையும் வியாசர்பாடிப் பிள்ளைகளும்

பூம்புகார் பக்கம் பல்லவனேஸ்வரத்தில் பௌத்தத் துறவிகள் தங்கிய மடம் ஒன்றின் இடிபாடு இருக்கிறது. முதல் தடவை போனபோது எங்கள் இரவுப் பாடசாலைப் பிள்ளைகள் அங்கே நின்றது பத்தே நிமிடம். விடியற்காலை மூன்று மணிக்கு வடசென்னை வியாசர்பாடியில் வேன் ஏறி, புதுச்சேரி, கடலூர், சிதம்பரம், சீர்காழி என்று உட்கார்ந்தே வந்து, தூக்கக் கலக்கத்தோடு இறங்கினார்கள். வேலிக்கு உள்ளே தரையை ஒட்டிச் செங்கல் சுவர்கள், கட்டம் கட்டமாக. எட்டாவது படிக்கும் பெண் ஒருத்தி என் சட்டையை இழுத்துக் கேட்டாள்: "இன்னாண்ணா, இவ்ளோதானா? வெறும் செவுரு."

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காவிரிப்பூம்பட்டினம், பௌத்தம், ஆயிரத்தைந்நூறு ஆண்டுப் பழமை என்று வேனில் வரும்போதே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தேன். சொன்னதற்கும் கண்ணுக்கு முன்னால் இருந்ததற்கும் நடுவில் பாலம் எதுவும் இல்லை. பிள்ளைகள் படம் எடுத்துக்கொண்டு கடலுக்கு ஓடிவிட்டார்கள்.

அடுத்த ஆண்டு தை மாதம் அதே பிள்ளைகளில் பெரும்பாலோர் அதே இடத்தில் இரண்டரை மணி நேரம் நின்றார்கள். "சாப்பாட்டுக்கு நேரமாயிடுச்சு, கிளம்பலாம்" என்று நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. இடையில் நடந்ததை முழுசாக எழுதி வைக்க நினைக்கிறேன். இடிபாடுகளுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகிற ஆசிரியர்களுக்கும், எங்களைப் போல இரவுப் பாடசாலை நடத்துகிறவர்களுக்கும் இது உதவும்.

அங்கே இருப்பது என்ன

இந்திய தொல்லியல் துறை 1962–63இல் காவிரிப்பூம்பட்டினத்தில், அதாவது புகார் என்ற இன்றைய பூம்புகாரில், அகழத் தொடங்கியது. பத்தாண்டு அளவுக்கு அந்த வேலை விட்டுவிட்டு நடந்தது. கீழையூரில் படகு கட்டும் செங்கல் மேடை ஒன்று கிடைத்தது, பக்கத்தில் படகைக் கட்ட நட்டிருந்த மரத்தூண்களோடு. அந்த மரத்தைக் கரிமக் கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 4–3ஆம் நூற்றாண்டை ஒட்டிய காலம் வந்தது. வானகிரியில் நீர் தேக்கும் கட்டுமானம் கிடைத்தது. பல்லவனேஸ்வரத்தில் கிடைத்தது பௌத்த விகாரை, அதாவது பிக்குகள் எனும் துறவிகள் தங்கும் மடம். அதை ஒட்டி ஒரு பௌத்தக் கோயில். சம்பந்தர் பாடிய பல்லவனீச்சரம் சிவன் கோயில் இருக்கும் அதே ஊர்தான்.

விகாரையின் காலம் ஏறக்குறைய கி.பி. 4–5ஆம் நூற்றாண்டு. அமைப்பு மிக எளியது. சின்னச் சின்னச் சதுர அறைகள் வரிசையாக, அவற்றுக்கு முன்னால் பொதுவாக ஒரு தாழ்வாரம். அறைகளில் பிக்குகள் தங்கினார்கள். அகழ்வில் வந்த பொருள்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பொன்முலாம் பூசிய சின்ன வெண்கலப் புத்தர். மற்றொன்று சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்தர் பாதம். பூரண கும்பம், சுவஸ்திகம் போன்ற மங்கலச் சின்னங்கள் அதில் உண்டு.

பூம்புகார் என்றதும் ஜனங்கள் கேட்பது கடலுக்கு அடியில் இருக்கும் நகரத்தைப் பற்றித்தான். பார்க்கப் போவது ஏழு நிலை மாடக் கலைக்கூடத்தை. தரையில், வெயிலில், கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கும் அந்தச் சதுர அறைகளைக் கேட்பாரில்லை. எனக்கு இது மனசை உறுத்தும் விஷயம். கடலுக்குள் இருப்பதைப் பற்றிக் கற்பனை செய்ய ஆயிரம் பேர் உண்டு. இங்கே ஒரு மனிதர் படுத்துத் தூங்கிய தரை கிடக்கிறது.

எங்கே தவறினேன்

சென்னைக்குத் திரும்பியதும் பிள்ளைகளை, பார்த்ததை வரையச் சொன்னேன். கடல் வரைந்தார்கள், படகு வரைந்தார்கள், சோளம் வாங்கித் தின்ற தள்ளுவண்டியை வரைந்தார்கள். ஒரே ஒருவன் மட்டும் செங்கல் வரைந்திருந்தான், ஒற்றைச் செங்கல். அவன் அப்பா கொத்தனார். அந்தப் படத்தை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தவறு என்னுடையது, அதுவும் இரண்டு வகையில். ஒன்று, சுவரைக் காட்டாமல் காலத்தைக் காட்டினேன். 4ஆம் நூற்றாண்டு என்பது பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு வெறும் ஓசை. அவளுடைய பாட்டி பிறந்த வருஷமே அவளுக்குத் தெரியாது.

இரண்டாவது இன்னும் மோசம். "சிலப்பதிகாரம் சொல்லும் இந்திர விகாரங்கள் ஏழில் ஒன்று இதுதான்" என்று வேனில் அடித்துச் சொல்லிவிட்டேன். கோவலனும் கண்ணகியும் புகாரை விட்டுக் கிளம்பும் வழியில் இந்திர விகாரம் ஏழையும் கடந்து போனார்கள் என்பது காப்பியத்தில் இருக்கிறது. அந்தச் சுவர்கள்தான் அந்த விகாரம் என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. காலமும் இடிக்கிறது. பிறகு ஒரு நாள் பிள்ளைகளை உட்கார வைத்து, "நான் சொன்னது தப்பு, ஆசையில் சொல்லிவிட்டேன்" என்று திருத்திக்கொண்டேன். ஆச்சரியம் என்னவென்றால், அவர்கள் முதன்முதலாக அக்கறையோடு கேள்வி கேட்டது அன்றைக்குத்தான். "அப்போ இது எதுன்னு எப்படிண்ணா கண்டுபிடிக்கிறது?"

எழும்பூர், அப்புறம் பெரம்பூர்

அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். முதலில் அமராவதிக் கூடம். ஆந்திராவில் கிருஷ்ணை ஆற்றங்கரையில் இருந்த பெரிய பௌத்தத் தூபியின் கற்கள் அவை. 1845இல் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி எடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தார். பலகாலம் இங்கே கிடந்தபின் ஒரு பகுதி லண்டனுக்குக் கப்பலேறியது, மீதி எழும்பூரில் தங்கியது. பச்சை சாய்ந்த வெள்ளைச் சுண்ணாம்புக் கல். பல்நாடு கல் என்பார்கள்.

பூம்புகார் புத்தர் பாதமும் அந்த வகைக் கல்தான். இதைச் சொன்னதும் காசிமேட்டிலிருந்து வரும் பையன் உடனே கேட்டான்: "அது ஆந்திராண்ணா. அங்கேர்ந்து இங்க எப்படி வந்துச்சு, போட்லயா?" காவிரிப் பகுதியில் அந்தக் கல் விளையாது என்பதையும், புகார் ஒரு துறைமுகம் என்பதையும் அவனே சேர்த்துக்கொண்டான். கிருஷ்ணை கடலில் கலக்கும் இடத்திலிருந்து கரையோரமாகவே இறங்கினால் காவிரி முகம் வந்துவிடும் என்று வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினான். கடலைத் தினம் பார்க்கிற பிள்ளைக்கு அது ஒரு கஷ்டமும் இல்லை. நான் ஒரு மணி நேரம் வகுப்பெடுத்துப் புரிய வைத்திருக்க வேண்டிய விஷயம்.

ஏன் பாதம் மட்டும், உருவம் எங்கே என்று இன்னொரு பெண் கேட்டாள். அமராவதிக் கற்களிலேயே பதில் இருக்கிறது. பழைய செதுக்கல்களில் புத்தரை ஆளாகக் காட்டவில்லை. காலி ஆசனம், போதி மரம், சக்கரம், பாதச் சுவடு இவைதான் அவர். மணிமேகலைக் காப்பியத்தில் வரும் பாதபீடிகையை, அதாவது புத்தர் பாதம் பொறித்த பீடத்தை, பற்றி இந்த இடத்தில் சொன்னேன். மணிபல்லவத் தீவில் பீடிகையைத் தொழுததும் மணிமேகலைக்கு முற்பிறப்பு தெரிகிறது. கதையாகச் சொன்னபோது ரசித்தார்கள். பாட்டும் உரையுமாகப் படிக்க முயன்ற மூன்று மாலை வகுப்புகள் படுத்துவிட்டன. அதை மறைக்க விரும்பவில்லை.

நாகப்பட்டினம் வெண்கலப் புத்தர்களையும் அதே நாளில் பார்த்தோம். தலையில் தீச்சுடர் போல முடி எழுந்திருக்கும் சின்ன உருவங்கள். 1856 முதல் நாகையில் புதைந்திருந்த நூற்றுக்கணக்கான வெண்கலங்கள் கிடைத்தன. முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாய் நாகையின் சூடாமணி விகாரைக்குப் போனது. ஸ்ரீவிஜய அரசன் கட்டிய விகாரை அது. அங்கே பிற்காலம் வரை நின்ற செங்கல் கோபுரம் ஒன்றை 1867இல் இடித்துவிட்டார்கள். "எதுக்கு இடிச்சாங்க?" என்று கேட்டதற்கு, அந்த நிலத்தில் வேறு கட்டடம் வேண்டியிருந்தது என்றேன். அதற்கு மேல் பிள்ளைகள் கேட்கவில்லை. வீடு இடிபட்டு வேறு இடத்துக்குப் போன குடும்பங்கள் அந்தக் கூட்டத்தில் உண்டு.

சென்னையில் பௌத்தம் மறுபடி எழுந்த கதையைத் தேடிப் பெரம்பூருக்கு நடந்தே போனோம். தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1898இல் இலங்கைக்குப் போய்ப் பௌத்தம் தழுவித் திரும்பி, சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907இல் அவர் தொடங்கிய வார இதழுக்கு முதலில் 'ஒரு பைசாத் தமிழன்' என்று பெயர், பிறகு 'தமிழன்'. ஒடுக்கப்பட்ட தமிழர்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவருடைய வாதம். பெரம்பூரிலும் பௌத்த சங்கம் வளர்ந்தது. அந்த வட்டத்தில் இருந்த பேராசிரியர் லட்சுமி நரசு, பௌத்தம் பற்றி 1907இல் ஆங்கிலத்தில் எழுதிய நூலுக்கு 1948 மறுபதிப்பில் அம்பேத்கர் முன்னுரை எழுதினார்.

அயோத்திதாசர் 1914இல் இறந்தார். அவர் இறந்து 48 ஆண்டு கழித்துத்தான் புகாரில் முறையான அகழ்வு தொடங்கியது. பல்லவனேஸ்வரத்துச் செங்கல்லை அவர் பார்க்கவே இல்லை. சொற்களையும் திருவிழாக்களையும் வழக்காறுகளையும் வைத்துக்கொண்டு, பௌத்தம் இங்கே இருந்தது என்று வாதாடினார். அவருடைய சொல்லாராய்ச்சி எல்லாமே நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிள்ளைகள் தங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் அம்பேத்கர் படத்திலிருந்து புகார் வரைக்கும் ஒரு நூல் ஓடுவதை அன்றைக்குப் பிடித்தார்கள். "அப்போ அது நம்ம இடமாண்ணா?" என்று ஒருத்தி கேட்டாள். "பார்க்கப் போனால் நம்ம இடம்தான், பார்க்காமல் விட்டால் யாருடைய இடமும் இல்லை" என்றேன்.

மொட்டை மாடியில் விகாரை

இந்த முயற்சியில் உண்மையிலேயே வேலை செய்தது இதுதான். பாடசாலையின் மொட்டை மாடியில் சாக்பீஸால் விகாரையின் வரைபடத்தை, முழு அளவுக்கு ஏறக்குறைய, வரைந்தோம். வரிசையாகச் சதுர அறைகள், முன்னால் நீளத் தாழ்வாரம். முதல் பயணத்தில் ஓர் அறையின் ஓரமாகப் பையன் ஒருவனை நடக்கச் சொல்லியிருந்தேன். மூன்று எட்டு வைத்ததும் அறை முடிந்துவிட்டது. அந்த மூன்று எட்டுதான் எங்கள் அளவு.

அறைக்கு ஒருவராக உட்காரச் சொன்னேன். பிக்குவின் வாழ்க்கை எவ்வளவு எளிமையானது, எவ்வளவு குறுகிய இடத்தில் வாழ்ந்தார்கள் பாருங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள், போன வருஷம் "வெறும் செவுரு" என்று சொன்ன அதே பெண் கேட்டாள்: "ஒரு ஆளுக்கு ஒரு ரூமாண்ணா?"

அவள் வீடு பத்துக்குப் பத்து. அதில் ஐந்து பேர். அவள் படிக்க உட்காரும் இடம் பீரோவுக்கும் கதவுக்கும் நடுவில். என் கண்ணுக்கு வறுமையாகத் தெரிந்த சதுரம் அவள் கண்ணுக்கு வசதியாகத் தெரிந்தது. தனக்கென்று நான்கு சுவர், யாரும் காலை மிதிக்காத தரை. உண்மையில் அவள் பார்வைதான் விகாரைக்கு நெருக்கம். கூட்டமாக வாழும் சங்கத்துக்குள்ளும் ஒருவர் தனியாக உட்கார்ந்து தியானம் செய்யவும் படிக்கவும் இடம் வேண்டும் என்று நினைத்துத்தான் அந்த அறைகளைக் கட்டினார்கள். தனியாக இருக்க அறை, சேர்ந்து இருக்கத் தாழ்வாரம். இருபது வருஷமாகப் பௌத்தக் கட்டடங்களைப் பற்றிப் படிக்கிற எனக்கு இது இவ்வளவு தெளிவாக ஒருபோதும் தோன்றியதில்லை.

அப்புறம் கேள்விகள் கொட்டின. "அடுப்பங்கரை எங்க?" வரைபடத்தில் இல்லை. பிக்குகள் ஊருக்குள் பிச்சையெடுத்து உண்டவர்கள், நண்பகலுக்கு முன்னால் சாப்பிட்டு முடிக்க வேண்டும், அதற்குப் பிறகு சாப்பாடு கிடையாது. அறைக்குள் அடுப்புக்கு அவசியமே இல்லை. "அப்போ ஊர்க்காரங்க பக்கத்துலயே இருந்திருக்கணும்" என்று கொத்தனார் மகன் சொன்னான். சரிதான். காட்டுக்குள் போய் விகாரை கட்டினால் பிச்சை போட யார் இருப்பார்கள்? புகாரில் வணிகர்கள் இருந்தார்கள், அதனால் விகாரையும் இருந்தது. புத்ததத்தர் என்ற தேரர் (மூத்த பிக்கு) 5ஆம் நூற்றாண்டில் காவிரிப்பட்டினத்தில் கண்ஹதாசர் கட்டிக்கொடுத்த விகாரையில் தங்கிப் பாலி மொழியில் நூல் எழுதியதாக அவரே எழுதி வைத்திருக்கிறார். அந்த ஊர் வணிகர் நிறைந்த செழிப்பான ஊர் என்றும் சொல்கிறார். மூன்று எட்டு அறைக்குள் ஒருவர் உட்கார்ந்து ஓலையில் எழுதிக்கொண்டிருந்தார் என்று சொன்னதும், அந்தப் பெண் தன் சாக்பீஸ் அறையின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு செவ்வகம் வரைந்தாள். "இது அவர் ஓலை வைக்கிற இடம்."

மழையைப் பற்றியும் பேச்சு வந்தது. பிக்குகள் ஊர் ஊராக நடப்பவர்கள், மழைக்கால மூன்று மாதம் மட்டும் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்பது சங்க விதி. அது ஆடியில் தொடங்கும் கங்கைச் சமவெளிக் கணக்கு. நம்ம பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஆடியில் காவிரியில் புதுவெள்ளம் வரும், வானத்தில் பெருமழை இருக்காது. இங்கிருந்த பிக்குகள் வெள்ளத்தைப் பார்த்துக்கொண்டு மழைக்காலம் அனுசரித்திருப்பார்கள். டிசம்பர் மழையில் முழங்கால் தண்ணீரில் பாத்திரம் மிதந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு, தரை மட்டம், தாழ்வாரத்தின் உயரம், தண்ணீர் வடியும் திசை எல்லாம் உடனே முக்கியமாகிவிட்டன.

இரண்டாம் பயணம்

தையில் போனோம். மழைக்குப் பிறகு நிலம் காய்ந்திருந்தது. டேப், சணல் கயிறு, கட்டம் போட்ட தாள், பென்சில், புளிசாதப் பொட்டலங்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்பதால் சுவர் மேல் ஏறக் கூடாது, செங்கல்லைத் தொட்டு நோண்டக் கூடாது என்று கிளம்பும் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். ஒருவரும் மீறவில்லை.

வேனிலிருந்து இறங்கியதும் கடலுக்கு ஓடவில்லை. நேராக அறைகளுக்குப் போனார்கள். "இது என் ரூம்", "இல்ல, அது எனுது, நான் அஞ்சாவதுல உக்காந்தேன்" என்று சண்டை. மாடியில் தான் உட்கார்ந்த அறையை ஒவ்வொருவரும் தேடிக் கண்டுபிடித்து அதன் எதிரே நின்றார்கள்.

கொத்தனார் மகன் குந்தி உட்கார்ந்து சுவரையே வெகுநேரம் பார்த்தான். பழைய செங்கல் இன்றைய சூளைக் கல்லைவிட நீளமும் அகலமும் கூடியது, தடிப்பு குறைந்தது. "இது கையில ஒத்தக் கையால தூக்க முடியாதுண்ணா. ரெண்டு கை வேணும். அப்போ சாந்து போடுற ஆள் வேற, கல்லு வைக்கிற ஆள் வேற" என்றான். மேல் வரிசைகள் சில கீழே இருப்பதிலிருந்து நிறத்தில் மாறுவதையும் அவன்தான் காட்டினான். அகழ்ந்தெடுத்த சுவர் மழையில் கரைந்து போகாமல் இருக்க மேலே புதுக்கல் வைத்து மூடுவது பராமரிப்பு வழக்கம் என்று விளக்கினேன். "அப்போ எது பழசு, எது புதுசுன்னு கோடு போட்டுக் காட்டணும்ல? இல்லன்னா எல்லாத்தையும் பழசுன்னு நெனச்சுப்பாங்க." தொல்லியலில் பெரியவர்கள் விவாதிக்கும் கேள்வி அது. அதை அவன் அப்பாவோடு சாரத்தில் நின்று கற்றுக்கொண்டிருக்கிறான்.

தாழ்வாரம் இருந்த பக்கத்தில் பெண்கள் வரிசையாக நின்று கயிறு பிடித்து அளந்தார்கள். ஒருத்தி எண் சொல்ல, ஒருத்தி எழுத, ஒருத்தி வரைந்தாள். பக்கத்து ஊர்ப் பாட்டி ஒருவர் ஆடு மேய்த்துக்கொண்டு வந்து வேலியோரம் நின்றார். "என்ன கண்ணுங்களா, எதைத் தேடுறீங்க?" என்று கேட்டார். "தேடலப் பாட்டி, அளக்குறோம். இங்க சாமியாருங்க தங்கியிருந்தாங்க" என்றாள் எட்டாவது பெண், இப்போது ஒன்பதாவது. "தெரியும் போ, இது புத்தர் இடம்" என்றார் பாட்டி. அந்தப் பதிலைப் பிள்ளைகள் தாளில் எழுதிக்கொண்டார்கள். எந்தப் பலகையைவிடவும் அது மதிப்பான குறிப்பு என்று நான் நினைக்கிறேன்.

மாறியதும் மாறாததும்

இம்முறை வரைந்த படங்களில் கடல் ஒன்றிரண்டில்தான் வந்தது. மற்றவை தரைப்படங்கள். கதவு எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கேள்விக்குறி போட்ட படங்களும் உண்டு. அந்தக் கேள்விக்குறிகளை நான் திருத்தவில்லை. தெரியாததைத் தெரியாது என்று வரையக் கற்றுக்கொண்டது எனக்கு நிறைவு.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இது பிடித்தது என்று சொல்ல முடியாது. இடையில் மூன்று பேர் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவனுக்கு வேலைக்குப் போக வேண்டியிருந்தது, இரண்டு பேருக்குப் பொதுத்தேர்வு. ஓர் அம்மா நேரில் வந்து, "தம்பி, இதையெல்லாம் படிச்சா வேலை கிடைக்குமா?" என்று கேட்டார். கிடைக்கும் என்று பொய் சொல்லவில்லை. தொல்லியல் படிப்பு என்று ஒன்று இருக்கிறது, அரசுத் துறையில் வேலையும் இருக்கிறது, ஆனால் அதற்காக மட்டும் கூட்டிப் போகவில்லை என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினார். மகளை மட்டும் நிறுத்தவில்லை.

செலவு ஒரு பெரிய தடை. வேன் வாடகைக்கே பாடசாலையின் பல மாதச் சேமிப்பு போய்விடுகிறது. வேறு குழுக்கள் இதைச் செய்ய நினைத்தால் பயணத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடியும் எழும்பூரும் முதலில். சாக்பீஸ் டப்பாவுக்கு முப்பது ரூபாய்கூட ஆகவில்லை.

அடுத்த தைக்குக் கொத்தனார் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மகன் வரைந்த படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்வி இதுதான்: "அறைக்குள்ள விழுந்த தண்ணி எந்தப் பக்கம் வெளிய போச்சு? வாட்டம் எப்படி விட்டிருக்காங்க?" எங்களில் யாரும் அதைப் பார்க்கவில்லை. ரசமட்டம் எடுத்து வருகிறேன் என்றார்.